பதினேழாம் எண் தகடு

எங்கள் சமவெளியில் வசந்தத்தை நம்பி யாரும் கம்பளிச் சட்டையை மடித்து வைப்பதில்லை. காலையில் வியர்த்துக் கொட்டும். மத்தியானம் ஆலங்கட்டி விழும். மறுநாள் விடியும்போது கன்றுக்குட்டிகளின் காதில் பனி உறைந்திருக்கும். கான்சாஸ் வானத்திடம் நியாயம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று கண்டுகொண்ட ரோசன்ஃபெல்ட் ஊர்க்காரர்கள், அதற்குப் பதிலாக ரோசினா டெகன்ட்டிடம் கேட்டார்கள்.

ரோசினா வானிலை படித்தவள் அல்ல. எட்டாம் வகுப்போடு சரி. ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அவள் வீட்டு முன்னறையில் இருந்தது, அவ்வளவுதான். சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை. அதில் நாற்பது துளைகள். ஒவ்வொரு துளைக்கு மேலும் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பித்தளைத் தகடு. பண்ணை வீட்டில் யாராவது டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால், இங்கே அந்த எண்ணுள்ள தகடு டக்கென்று விழும். ரோசினா துளையில் வடத்தைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பாள். பேசி முடிந்ததும் தகட்டை விரலால் தள்ளி மேலே நிறுத்துவாள். அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் தானியக் கிடங்கின் சுவரைப் பார்த்துத் திறந்தது. ஊருக்கே வானம் சொன்னவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் வானம் கூடத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். எங்கள் பக்கம் புயல் எப்போதும் தென்மேற்கிலிருந்து வரும். ஆகவே தென்மேற்கில் இருப்பவளைக் கேள். அறுபது மைல் தள்ளி சாண்ட் ஃபோர்க் என்ற ஊரில் நெட்டி என்றொருத்தி இதே போல ஒரு பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் நெட்டியின் மூட்டு வலி ரோசினாவுக்கு மனப்பாடம்.

"என்ன நெட்டி, உங்க பக்கம் எப்படி?"

"கேக்காதடி. காலைல ஈரத்துல தரையெல்லாம் வேர்த்துக் கெடந்துச்சு. பத்து மணிக்குக் காத்து திரும்புச்சு பாரு, இப்ப உதடு வெடிக்குது. புழுதி வேற. காஞ்ச காத்து ஏறிட்டு வருது, உன் பக்கம்தான்."

"எங்க பக்கம் இன்னும் ஈரம்."

"அப்ப துணிய உள்ள எடு."

காய்ந்த காற்றும் ஈரக் காற்றும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறதோ, அந்த இடத்தில் வானம் கிழியும். மத்தியானம் இரண்டு மணிக்கா, ஐந்து மணிக்கா என்பதுதான் கணக்கு. ஈரம் ஏறினால் பலகையின் வடங்களைச் சுற்றியிருந்த நூல் உறை ஊதிக்கொண்டு, இழுத்தால் வராமல் முரண்டு பிடிக்கும். அதையும் அவள் பார்த்துக்கொள்வாள். ஒரு நீல நோட்டில் எழுதி வைப்பாள். பிறகு காலை ஆறு மணியிலிருந்து தகடுகள் விழத் தொடங்கும்.

"ரோசினா, கன்னுக்குட்டிய வெளிய விடலாமா?"

"பதினோரு மணி வரைக்கும் விடு. அப்புறம் அதையும் உள்ள கட்டு, நீயும் உள்ள போ."

"ரோசினா, சனிக்கிழமை என் மகளுக்குக் கல்யாணம். மழை வருமா?"

"வரும். மாப்பிள்ளை வருவானான்னு மட்டும் நீ பாத்துக்க."

அவளுடைய வாய் அப்படி. ஆனால் யாரும் அவளிடம் கேட்காமல் ஒரு மூட்டை விதையைக் கூட வண்டியில் ஏற்றியதில்லை.

இந்தப் பலகைக்கு ஒரு கோளாறு உண்டு. வசந்தத்தில் காற்றே மின்சாரம் பிடித்துக்கொள்ளும். வேலிக் கம்பியைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கும். அந்த மாதிரி நாட்களில் யாரும் கைப்பிடியைச் சுற்றாமலே தகடுகள் தாமாக விழும். எல்லாவற்றிலும் மோசம் பதினேழு. மற்றக் கம்பிகளில் எட்டு வீடு, பத்து வீடு என்று வழியெல்லாம் உண்டு. பதினேழு மட்டும் தென்மேற்கே ஒன்பது மைல் தனியாக ஓடி, கடைசியில் ஒரே வீட்டில் முடியும். லியோ பிரன்கார்ட் வீடு. "பதினேழு சும்மா விழும்" என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் கூர்ந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். காற்றால் விழும் தகடு விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கும். ஆள் சுற்றி விழுந்த தகடு, அவர் சுற்றி முடிக்கிற வரைக்கும் நடுங்கும்.

லியோவின் மனைவி அமாலியா, ரோசினாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த சிரிப்பு. அவள் வீடு ஒரு மேட்டின் மேல் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் முப்பது மைல் வானம் தெரியும். தினமும் நாலு தடவையாவது கைப்பிடியைச் சுற்றுவாள்.

"ரோசினா, தெக்க ஒரு மேகம் காளிபிளவர் மாதிரி கெளம்புதுடி. எழுதிக்க."

"எவ்வளவு உசரம்?"

"என் மாமியார் கோபம் அளவுக்கு."

"அப்ப பெரிசுதான்."

"உன் ரூமுக்கு ஜன்னல் நான்தான்டி. ஞாபகம் வச்சுக்க" என்று சிரித்தபடி வைத்துவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தாம் வருட வசந்தம் வந்தது. அந்த ஏப்ரலில் ரோசினா இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை நீள மணி அடித்தாள். நீள மணி என்றால் எல்லாக் கம்பிகளிலும் ஒரே நேரத்தில் விடாமல் அடிக்கும் மணி. அதைக் கேட்டால் எல்லா வீட்டிலும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு டெலிபோனை எடுக்க வேண்டும், எக்ஸ்சேஞ்ச் சொல்வதைக் கேட்டு நிலவறைக்குள் இறங்க வேண்டும். மூன்று தடவையும் ஊர் முழுக்க இறங்கியது. மூன்று தடவையும் மேலே வந்து பார்த்தால் வெயில் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை அடக்கப் பூசையே பாதியில் நின்றுபோனது. சவப்பெட்டியை மட்டும் கோவிலில் விட்டுவிட்டு எல்லாரும் ஓடினார்கள் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

டெலிபோன் சங்கத் தலைவர் பயஸ் லைக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியைக் கூடக் கழற்றாமல் முன்னறைக்கு வந்து நின்றார்.

"ரோசினா, கோழி கொக்கரிச்சாலும் மணி அடிக்கிறியாமே."

"வர்ற மாதிரிதான் இருந்துச்சு பயஸ்."

"மாதிரி, மாதிரின்னு மூணு தடவ என் இடுப்ப ஒடிச்சிட்ட. அந்தப் படிக்கட்டுல எறங்கி ஏற முடியல. இனிமே யாராவது கண்ணால பாத்துக் கூப்பிட்டுச் சொன்னாத்தான் நீள மணி. சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. அதுக்கு மேல அடிச்சா வேற ஆள உக்கார வைக்கிறோம்."

அவர் போன பிறகு ரோசினா நீல நோட்டைப் படாரென்று மூடினாள். அவளுடைய கணவன் அல்ஃபோன்ஸ், தானியக் கிடங்கில் எடை போடுகிறவன், கிண்டல் செய்ய வாயெடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவளுக்கு ரோஷம் அதிகம். அந்த ரோஷம்தான் பின்னால் அவளைத் தின்றது.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை. காலையிலிருந்தே புழுக்கம். மத்தியானத்திலிருந்து பதினேழு விழுந்துகொண்டே இருந்தது. பதினொரு தடவை விழுந்தது, பதினொரு தடவையும் வடத்தைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்றாள். பதினொரு தடவையும் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு சளசளப்பு மட்டும். நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பயஸ் லைக்கரே விதைக் கடைக்கு இணைப்புக் கேட்டு, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று உறுமிக்கொண்டிருந்தார். பதினேழு விழுந்தது. ரோசினா செருகவில்லை. தகட்டைத் தள்ளி நிறுத்தினாள். மறுபடி விழுந்தது. மறுபடி தள்ளினாள். மூன்றாவது தடவை விழவில்லை.

விழுந்த தகடு நடுங்கியது. இரண்டு தடவையும் நடுங்கியது. அவள் விரல் அந்த நடுக்கத்தைத் தொட்டுத்தான் மேலே தள்ளியது.

சுழற்காற்று பிரன்கார்ட் வீட்டின் மேல் ஏறி இறங்கி, மேய்ச்சல் நிலத்தோடு வடக்கே போய்த் தேய்ந்தது. ஊருக்குள் ஒரு ஓடு கூட அசையவில்லை. லியோ அப்போது ஊரில், கொல்லன் பட்டறையில், கலப்பைக்கு முனை வைத்துக்கொண்டிருந்தான். அமாலியாவின் மாமியார் நிலவறைக்குள் இருந்து பிழைத்துக்கொண்டாள். "வா, வான்னு கத்தினேன். டெலிபோன்ல சொல்லிட்டு வந்துடுறேன்னா" என்று அந்தக் கிழவி அழுதாள். அமாலியாவை டெலிபோன் மாட்டியிருந்த சுவரின் அடியில் கண்டெடுத்தார்கள்.

கண்ணால் பார்த்துக் கூப்பிட்ட ஆள்.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் லியோ ரோசினாவிடம் வந்தான். கண் வீங்கியிருந்தது. குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் போலக் கேட்டான்.

"ரோசினா, அவ கூப்பிட்டாளா?"

"கம்பி செத்திருந்துச்சு, லியோ" என்றாள் ரோசினா. "இடியில போயிருச்சு போல. எதுவும் விழல."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்" என்றான் அவன். அவளுடைய கையை ஒரு தடவை பிடித்து விட்டான்.

ஒரு பொய்க்கு ஆறு வருடம் எவ்வளவு நீளம் என்பது அதைச் சொன்னவர்களுக்குத்தான் தெரியும். அந்த வாரமே அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பாதிரியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை என்கிட்ட சொல்லிப் பாதிதான் ஆச்சும்மா. மீதி லியோகிட்ட இருக்கு" என்றார். அவர் சொன்ன செபங்களை எல்லாம் அவள் சொன்னாள். மீதியைச் சொல்லவில்லை.

லியோ அந்த மேட்டில் மறுபடி வீடு கட்டவில்லை. தாயோடு ஊருக்குள் குடிவந்து, பகலில் மட்டும் நிலத்துக்குப் போய் வந்தான். ஆனால் கம்பங்கள் நின்றன. கம்பி நின்றது. கடைசிக் கம்பத்தில் யாரோ அதைச் சுற்றி முடிச்சுப் போட்டு விட்டிருந்தார்கள். ஆகவே பதினேழாம் எண் தகடு விழுவதும் நிற்கவில்லை.

முதல் தடவை அது விழுந்தபோது ரோசினா காப்பிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள். பிறகு வடத்தைச் செருகி, வீடே இல்லாத வீட்டைப் பார்த்து, "நம்பர் ப்ளீஸ்" என்றாள். சளசளப்பு. அதற்குப் பின்னால் காற்று. அன்றிலிருந்து ஒரு தடவை கூட அவள் அதை எடுக்காமல் விட்டதில்லை. மற்ற எண்கள் காத்திருக்கும், பதினேழு காத்திருக்காது. இணைப்புக் கேட்டவர்கள் எரிச்சல்படுவார்கள். படட்டும்.

"யாரு?" என்பான் அல்ஃபோன்ஸ், பீரோக் ரொட்டியைக் கடித்தபடி. உள்ளே முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்துச் சுடும் அந்த ரொட்டியில் கூட அவள் அந்த நாட்களில் உப்புப் போட மறந்தாள்.

"யாருமில்ல."

"யாருமில்லாததுக்கு இவ்வளவு நேரமா காது குடுக்குற?"

பேய் பிசாசில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தச் சளசளப்புக்குள் ஒரு சிரிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் தேடுவாள். இல்லையென்றால் நிம்மதி வரவேண்டும் இல்லையா? வரவில்லை.

நீல நோட்டில் எழுதி எழுதி ஒன்றைக் கண்டுபிடித்தாள். புயல் வருகிற நாளில் பதினேழுதான் முதலில் விழும். மற்றத் தகடுகள் விழ அரைமணி நேரமாவது ஆகும். அந்தக் கம்பி தென்மேற்கே ஒன்பது மைல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, வருகிறதை அது முதலில் தொடுகிறது. காரணம் அவ்வளவுதான். ஆனால் அந்த வருடங்களில் ரோசினாவின் முன்னறிவிப்பு முன்னைவிடத் துல்லியமாக இருந்தது என்று ஊரே மெச்சியது. மெச்சும்போதெல்லாம், செத்த பிறகும் அமாலியா ஜன்னல் வேலை பார்க்கிறாள், பெயர் எனக்கு வருகிறது என்று நினைப்பாள்.

ஐம்பத்தொன்றாம் வருடம் மே மாதம், கம்பிக்குத் தட்டுப்பாடு என்று சங்கத்தில் பேச்சு வந்தது.

"செத்த வீட்டுக்கு எதுக்கு ஒம்பது மைல் கம்பி?" என்றார் பயஸ் லைக்கர். "கழட்டி வடக்க போடுவோம்."

"அது மட்டும் வேணாம் பயஸ்" என்றாள் ரோசினா. கூட்டத்தில் அவள் வாய் திறப்பதே அபூர்வம்.

"ஏன் வேணாம்? அங்க யாரு பேசப் போறா, முயலா?"

எல்லாரும் சிரித்தார்கள். லியோவும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவளுக்குப் பக்கத்தில் வந்தான்.

"கம்பம் எல்லாம் என் நிலத்துல இருக்கு. நானே செவ்வாய்க்கிழமை கழட்டிடுறேன். அந்தக் கம்பியப் பாக்குறப்பெல்லாம் எனக்கு என்னமோ பண்ணுது. நீ ஏன் ரோசினா அதைப் பிடிச்சுத் தொங்குற?"

அப்போது சொல்லியிருக்கலாம். விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் யாருமில்லை. "வானிலைக்கு உதவுது" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட வருடம் முடிகிற நாள். ஓடைக்கரைக் காட்டன்வுட் மரங்களின் அடியில் விருந்து. பிள்ளைகள் நாற்பது பேர், தாய்மார்கள், கூடை கூடையாகச் சாப்பாடு. ரேடியோ லேசான மேகம் என்றது. வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த அல்ஃபோன்ஸும், "துடைச்சு வச்ச தட்டு மாதிரி இருக்கு" என்றான். ஓடைக்கரைக்கு மேலே பண்டசாலைக்காரர் வீட்டில் ஒரு டெலிபோன் உண்டு, அவ்வளவுதான். அங்கிருந்து பள்ளிக்கூட நிலவறைக்குப் பிள்ளைகளை நடத்திக் கொண்டுவரக் கால்மணி நேரம் வேண்டும்.

காலையில் வடங்கள் முரண்டு பிடித்தன. பதினொரு மணிக்கு நெட்டியைக் கூப்பிட்டாள்.

"காஞ்சு போச்சுடி" என்றாள் நெட்டி. "ஒரே நிமிஷத்துல. சன்னல்ல இருந்த ஈரம் பாத்துட்டு இருக்கும்போதே காணோம். வேகமா வருது."

"மேகம் இருக்கா?"

"எங்க பக்கம் இல்ல. உங்க பக்கந்தான் கட்டும்."

ரோசினா நோட்டில் எழுதினாள். இரண்டரைக்குமேல் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். இது முன்னறிவிப்பு. முன்னறிவிப்புக்கு நீள மணி கிடையாது. கண்ணால் பார்த்த ஆள் வேண்டும்.

மேட்டில் ஓர் ஆள் இருந்தான். லியோ காலையிலேயே ஏணியும் குறடும் எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஆனால் அவனிடம் டெலிபோன் இல்லை. கம்பியைக் கழற்றப் போனவன் அதில் எப்படிப் பேசுவான்?

இரண்டு மணிக்குப் பதினேழு விழுந்தது. ரோசினா செருகினாள். "நம்பர் ப்ளீஸ்." சளசளப்பு. தகட்டை நிறுத்தினாள். பலகையின் மற்ற முப்பத்தொன்பது தகடுகளும் அசையாமல் நின்றன. இரண்டு பத்துக்கு மறுபடி விழுந்தது. சளசளப்பு கூடியிருந்தது.

இரண்டு இருபதுக்கு விழுந்த தகடு நடுங்கியது.

அவள் கையை நீட்டித் தொட்டாள். விரல் நுனியில் அந்தத் துடிப்பு ஆறு வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. சுற்றுவதற்கு அந்தக் கம்பியின் முனையில் கைப்பிடி இல்லை, சுவர் இல்லை, வீடு இல்லை. நடுக்கம் நின்றது. தகட்டை மேலே தள்ளினாள். உடனே விழுந்தது, உடனே நடுங்கியது. ரோசினாவுக்குப் பயமாக இருந்தது, அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கோவிலில் கூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

"எடுத்துட்டேன்டி" என்று சத்தமாகச் சொன்னாள். "இந்தா, எடுத்துட்டேன்."

எல்லாக் கம்பிகளையும் இணைத்து, நீள மணியை விடாமல் அடித்தாள். ஒவ்வொரு வீடாக எடுக்கும் கிளிக் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"ரோசினா பேசுறேன். தென்மேற்குலருந்து சுழல்காத்து வருது. எல்லாரும் நிலவறைக்கு எறங்குங்க. ஓடைக்கரையில பிள்ளைங்க இருக்கு, யாராவது ஓடுங்க, இப்பவே ஓடுங்க."

"வானம் பளிச்சுன்னு இருக்கு!" என்றது ஒரு குரல்.

"ஏய் ரோசினா!" அது பயஸ் லைக்கர். "யாரு பாத்தது? ஆள் பேரச் சொல்லு."

கம்பி முழுக்க மூச்சு மட்டும் கேட்டது.

"பதினேழுலருந்து கூப்பிட்டாங்க" என்றாள் ரோசினா.

யாரோ ஒரு பெண், "லியோ அங்கதான போயிருக்கான்! அவன் பாத்திருக்கான்!" என்று கத்தினாள். டெலிபோன்கள் படபடவென்று வைக்கப்பட்டன. பண்டசாலைக்காரர் மனைவி செருப்பில்லாமல் ஓடையை நோக்கி ஓடியதை நாங்கள் எல்லாரும் பிறகு கேள்விப்பட்டோம். பயஸ் லைக்கரும் அந்த இடுப்பை வைத்துக்கொண்டு இறங்கினார்.

கடைசிப் பிள்ளை பள்ளிக்கூட நிலவறைக்குள் இறங்கிக் கதவைப் போட்ட ஆறாவது நிமிடம் அது வந்தது. ஓடைக்கரையில் விருந்து விரித்திருந்த மரங்களில் ஏழு மரங்கள் வேரோடு போயின. ஒரு கூடையை மூன்று மைல் தள்ளிக் கண்டெடுத்தார்கள், உள்ளே துணி மடித்தபடியே இருந்தது. ஊரில் நாலு கூரை போனது. ஆள் ஒருவர் போகவில்லை.

ரோசினா நிலவறைக்குப் போகவில்லை. அல்ஃபோன்ஸ் இழுத்துப் பார்த்தான், பலகையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவனும் வேறு வழியில்லாமல் மேசைக்கடியில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தான். மேட்டில் லியோ இருக்கிறான், அவனுக்கு மட்டும் மணி அடிக்க வழியில்லை என்று திரும்பத் திரும்பப் பதினேழையே பார்த்தாள்.

ஐந்து மணிக்கு லியோ வந்தான். ஒன்பது மைலில் பாதியை நடந்தே வந்திருந்தான். முழங்கால் வரை சேறு, தலைமயிரில் வைக்கோல். அவன் உள்ளே வந்ததும் வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது. பயஸ் லைக்கர் அவனைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

"நீ கூப்பிட்டு சொல்லலன்னா நாப்பது பிள்ளைங்கடா!"

"நான் கூப்பிடவே இல்லையே" என்றான் லியோ.

கூட்டம் விழித்தது. ரோசினா எழுந்து, "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். அல்ஃபோன்ஸ் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டான்.

"நான் கம்பியத் தொடக்கூட இல்ல" என்றான் லியோ. "ஏணி வைக்கப் போனப்பவே அது சீறுச்சு. அப்புறம் மேகம் தரையில எறங்குனதப் பாத்தேன். பழைய நிலவறைக்குள்ள போய்ட்டேன். ஆறு வருஷமா தொறக்காத கதவு." தன் சேற்றுக் காலைப் பார்த்தான். "டெலிபோன் இருந்த சுவத்துலருந்து அதுக்குப் பதினோரு எட்டு வைக்கிற தூரந்தான் ரோசினா. இன்னைக்குத்தான் எண்ணுனேன்."

ரோசினா பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குக் கம்பி சாகல, லியோ."

அவன் அவளைப் பார்த்தான்.

"அவ கூப்பிட்டா. ரெண்டு தடவ கூப்பிட்டா. காத்துன்னு நெனச்சேன்னு உன்கிட்ட சொல்லலாம், அதுவும் பொய்யி. தகடு நடுங்குனத நான் பாத்தேன். கோபத்துல எடுக்கல. நான் எடுப்பேன் எடுப்பேன்னு அங்கயே நின்னுட்டா."

லியோ நாற்காலியில் உட்கார்ந்தான். பதினேழாம் எண் தகட்டைப் பார்த்தான்.

"மூணாவது தடவ?" என்றான்.

"விழல."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் நடுங்குச்சு. யாருன்னு எனக்குத் தெரியாது. எடுத்தேன்."

அவன் எழுந்து, தொப்பியைத் தேடினான். தொப்பி காற்றோடு போயிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான். ரோசினா அன்றைக்கு அழுததை அல்ஃபோன்ஸ் யாரிடமும் சொல்லவில்லை. எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

பதினேழாம் எண் கம்பியில் ஆறு கம்பம் சாய்ந்திருந்தது. அந்தக் கம்பியை மறந்துவிடுவோம் என்றார் பயஸ் லைக்கர், இந்தத் தடவை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. மணி விஷயத்தில் இனி ரோசினா சொன்னதுதான் தீர்மானம் என்றும் சொன்னார். லியோ யாரையும் கேட்கவில்லை. கோதுமை முற்றிவருகிற நாட்களில், தன்னந்தனியாகக் குழி தோண்டி ஆறு கம்பத்தையும் நிறுத்தினான். அவன் எதற்கு அதைச் செய்கிறான் என்று ஊரில் ஆளுக்கொரு கதை. ரோசினாவைத் தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பான்.

ஜூன் முதல் வாரம், வெயில் நாள். காற்றில் பொட்டு மின்சாரம் இல்லை. பதினேழு விழுந்தது. விழுந்து நடுங்கியது. ரோசினா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு பத்து. அமாலியா கூப்பிட்ட நேரம்.

செருகினாள். இந்தத் தடவை "நம்பர் ப்ளீஸ்" என்று வரவில்லை.

"ரோசினா பேசுறேன்."

காற்று. கம்பங்களுக்கு நடுவே கம்பி ஊளையிடும் சத்தம். அதற்குள் ஒரு மனிதனின் மூச்சு.

"எடுக்கிறியான்னு பாத்தேன்" என்றான் லியோ. வைத்துவிட்டான்.

அவன் மேட்டிலிருந்த பழைய நிலவறையின் வாசலில் ஒரு மரத்தூண் நட்டு, பழைய டெலிபோன் பெட்டி ஒன்றை அதில் மாட்டியிருந்தான். கோதுமை அறுப்பு முடிந்த பிறகும் தினமும் நாலு பத்துக்குத் தகடு விழுந்தது. குளிர் வந்ததும் நின்றது. மறுவருடம் மார்ச்சில், முதல் ஈரக்காற்றோடு மறுபடி தொடங்கியது. அந்த முதல் நாளுக்குப் பிறகு அவன் ஒரு சொல்லும் பேசியதில்லை. அது மன்னிப்பா, தண்டனையா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

எக்ஸ்சேஞ்சை மூடிய வருடம் வரை ஒன்பது வசந்தம் அப்படிப் போனது. காய்ச்சலில் கிடந்த நாளிலும் நாலு மணிக்கு எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு பலகையின் முன்னால் வந்து உட்காருவாள். தகடு விழும். செருகுவாள். அந்தப் பக்கத்தில் மூச்சு கேட்கும். அவளுக்குக் கொடுப்பதற்கு இருந்தது ஒன்றுதான், அதைக் கொடுப்பாள்.

"தென்கிழக்குக் காத்து, லியோ. ஈரம் ஏறுது. நெட்டி பக்கம் காஞ்சிருச்சாம். வெளிய நிக்காத, உள்ள போ."

வைக்கிற சத்தம் கேட்கும் வரை அவள் வடத்தை உருவுவதில்லை.